ப்ரூஜ் ஊர் பாலங்களும் கோட்டை வாசல்களும்: எதுக்கு நடக்கலாம், எதுக்கு வேணாம் - ஒரு ரிவ்யூ

பெல்ஜியத்துல இருக்கற ப்ரூஜ் ஊருக்குப் போறவங்கள்ல முக்காவாசி பேர் என்ன பண்றாங்கன்னா, பிரஸ்ஸல்ஸ்ல இருந்து ஒரு மணி நேரம் ட்ரெயின்ல வந்து இறங்கி, நேரா மார்க்கெட் ஸ்கொயர், மணிக்கூண்டு முன்னாடி ஒரு போட்டோ, ஒரு வாஃபிள், ஒரு போட் ரைடு, ரெண்டு டப்பா சாக்லேட், சாயங்கால ட்ரெயின்ல ரிட்டர்ன். தப்பில்ல, எங்க நின்னு போனத் தூக்கினாலும் படம் நல்லா வர்ற ஊர்தான் அது. சர்ச், மியூசியம், பியர் எல்லாத்துக்கும் ஆயிரம் ரிவ்யூ கிடக்கு, அதனால நான் அந்த ஊரோட பாலங்களையும் பழைய கோட்டை வாசல்களையும் மட்டும் எடுத்துக்கறேன். சொல்லப் போறது ஒரே விஷயம்தான்: கூட்டம் எங்க நிக்குதோ அங்க இருக்கறது பெரும்பாலும் புதுசு, அறுநூறு வருஷத்துப் பழசு எல்லாம் ஆளே இல்லாம ஊர் ஓரத்துல நிக்குது, அதுக்கு டிக்கெட்டும் கிடையாது.

முதல்ல அந்த ஃபேமஸ் பாலத்தையே பேசிடலாம். போனிஃபாசியஸ் பாலம். இன்ஸ்டால ப்ரூஜ்னு போட்டா முதல் பத்து படத்துல இது இல்லாம இருக்காது. "அவர் லேடி"ங்கற மாதா சர்ச்சுக்குப் பின்னாடி, க்ரூட்ஹூசா மாளிகை பக்கத்துல, குறுகலா, வளைஞ்சு, பாசி புடிச்ச கல்லோட, பக்கத்துல மர வீடு தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு, பாத்தா 14-ஆம் நூற்றாண்டுலேர்ந்து அப்படியே நிக்குதுன்னு சத்தியம் பண்ணத் தோணும். கட்டினது 1910-ல! பழைய ஊருக்கு நடுவுல பழைய மாதிரியே தெரியணும்னு செஞ்ச வேலை. இது தெரிஞ்சதும் ஏமாத்திட்டாங்கன்னு தோணுமான்னா, எனக்கு அப்படித் தோணல, நல்லாவே செஞ்சிருக்காங்க, மேல நின்னு தலையத் தூக்கினா அந்த சர்ச்சோட 115 மீட்டர் செங்கல் கோபுரம் நேரா தலைக்கு மேல வந்து நிக்கும், அந்த ஆங்கிளுக்காகவே போகலாம். ஆனா பகல் பதினொன்னுலேர்ந்து நாலு மணி வரைக்கும் போகாதீங்க. ரெண்டு பேர் ஒழுங்கா ஒதுங்க முடியாத அகலம், அதுல ஒரு டூர் குரூப் ஏறி, கைடு கொடியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நடுவுல நின்னா அவ்ளோதான், பின்னாடி ஒரு கல்யாண போட்டோஷூட் வேற வெயிட்டிங்ல இருக்கும். காலைல எட்டு மணிக்கு முன்னாடின்னா அந்தப் பாலம் உங்களுக்கே உங்களுக்கு. பாலத்துக்குப் பக்கத்துல வீவெஸ்னு ஒரு ஸ்பானிஷ் அறிஞரோட மார்பளவு சிலை இருக்கு, அந்தாள் இந்த ஊர்லயே வாழ்ந்து 1540-ல இங்கயே செத்துப் போனவர், எல்லாரும் அவர் மேல பையை மாட்டிட்டு போட்டோ எடுக்கறாங்க, பாவம்.

நிஜமாவே பழைய பாலம் வேணும்னா மார்க்கெட்டுக்கு வடக்க பத்து நிமிஷம் நடந்து அகஸ்டைனன் பாலத்துக்குப் போங்க. 1391-ல கல்லுல கட்டினது, மூணு வளைவு, ஊர்லயே ரொம்பப் பழசான பாலங்கள்ல ஒன்னு. அந்தக் காலத்துல அகஸ்டைன் சபைத் துறவிகளோட மடம் பக்கத்துல இருந்துச்சு, மடம் போயிடுச்சு, பேர் மட்டும் பாலத்துல தங்கிடுச்சு. இதுல எனக்குப் பிடிச்சது கைப்புடிச் சுவர்லயே செதுக்கி வெச்சிருக்கற கல் திண்ணை. டூரிஸ்ட் உக்கார போட்டது இல்ல அது, வியாபாரிங்க சரக்கப் பரப்பி வெச்சு விக்கறதுக்கு. பாலம்னா அப்ப தாண்டிப் போற இடம் மட்டும் இல்ல, எல்லாரும் கண்டிப்பா வந்தே ஆகணும்கறதால அதுதான் நல்ல கடைவீதி. அந்தத் திண்ணைல கை வெச்சுப் பாருங்க, ஓரமெல்லாம் மழுங்கி, நடுவுல லேசா குழிஞ்சு, மழை பெஞ்சா அதுல கொஞ்சம் தண்ணி நிக்கும். பக்கத்துலயே ஸ்பானிஷ் வியாபாரிங்க கம்பளி இறக்கின துறை இருக்கு, இப்ப வெறும் அமைதியான வீட்டு வரிசை. ரோசன்ஹூட்காய்ங்கற கால்வாய்க் கரைல ஒரு போட்டோவுக்கு க்யூவுல நிக்கறாங்க, இங்க ஒரு பாட்டி நாயோட போனாங்க, அவ்ளோதான் ட்ராஃபிக்.

இன்னொரு பழைய பாலம் மேப்ரக், 1390. மீன் மார்க்கெட்லேர்ந்து க்ரூனரை கால்வாய் ஓரமா நடந்தா வரும், அதுக்கடுத்து பேர்டன்ப்ரக். இந்த ரெண்டையும் மேல நின்னு பாக்கறதுல பெரிய விஷயம் ஒன்னும் இல்ல, ரோடு மாதிரிதான் தெரியும், பல பேர் பாலத்து மேல நிக்கறோம்னே தெரியாம தாண்டிப் போயிடுவாங்க. பக்கவாட்டுல கால்வாய்க் கரையில நின்னு பாக்கணும். இல்லன்னா போட்ல கீழ போகணும்.

போட்டப் பத்தி ஊர்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி போகாம வந்தா ப்ரூஜ் பாத்ததாவே கணக்கு இல்லம்பாங்க, இன்னொரு கட்சி காசு புடுங்கற வேலைம்பாங்க. நான் நடுவுல நிக்கறேன். அரை மணி நேரம்தான், மார்ச்லேர்ந்து நவம்பர் நடு வரைக்கும் ஓடும், அஞ்சு இடத்துல ஏறலாம், எங்க ஏறினாலும் ரூட் கிட்டத்தட்ட ஒன்னுதான், அதனால எந்தத் துறைல க்யூ கம்மியோ அங்க ஏறுங்க. பாலங்களக் கீழ இருந்து பாக்கறதுக்கு வேற வழி கிடையாது, அதுக்கு இந்தக் காசு தகும். மேப்ரக்குக்குக் கீழ போகும்போது ஓட்டறவர் தலையக் குனிங்கன்னு நாலு பாஷைல கத்துவாரு, சீரியஸா குனியணும், அப்ப முகத்துக்கு ஒரு அடி தூரத்துல அந்தக் கல்லுங்க வரும் பாருங்க, ஈரமா, ஒவ்வொன்னும் வேற வேற சைஸ்ல, இடுக்குல சின்னதா ஃபெர்ன் செடி முளைச்சு, அந்த ரெண்டு செகண்ட்தான் அந்த ரைடோட உயிரே. நான் ஏறின போட்ல ஓட்டினவர் மட்டும் கொஞ்சம் கடுப்புல இருந்தாரு, பாலங்களோட கதையெல்லாம் விட்டுட்டு எந்த வீடு எந்தப் பணக்காரரோடதுன்னே சொல்லிட்டு வந்தாரு, என் பக்கத்துல உக்காந்திருந்த மச்சான் "இவருக்கு ரியல் எஸ்டேட் பிசினஸ் போல"ன்னு சிரிச்சான். ஆளப் பொறுத்து மாறும் போல. ஆனா முக்கியமான குறை ஒன்னு இருக்கு: போட் உள்கால்வாய்லயே சுத்தி வந்துடும், ஊரச் சுத்தி இருக்கற பெரிய கால்வாய்க்கும் கோட்டை வாசல்களுக்கும் போகாது. போட்ல போயாச்சு, எல்லாம் பாத்தாச்சுன்னு நினைக்கறவங்களுக்காகத்தான் இதச் சொல்றேன்.

வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள இருக்கற இன்னும் ரெண்டு மூணு. வோலஸ்ட்ராட் தெரு கால்வாயத் தாண்டற பாலத்துல நெப்போமுக் யோவான்னு ஒரு சாமியாரோட சிலை, 1767-ல பீட்டர் பேப்பர்ஸ் செஞ்சது. 1393-ல ப்ராக் நகரத்துல ராஜா உத்தரவுல ஆத்துல தள்ளிக் கொன்னுட்டாங்க இவர, ராணி பாவமன்னிப்புல சொன்ன ரகசியத்த ராஜாகிட்ட சொல்ல மாட்டேன்னதாலன்னு கதை. தண்ணில செத்ததால பாலத்துக்கெல்லாம் காவல் புனிதர் ஆயிட்டாரு, ஐரோப்பால பாதி பாலத்துல இவர்தான் நிப்பாரு. ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு நகரலாம்.

பர்க் ஸ்கொயர்ல டவுன் ஹாலுக்கும் பழைய பதிவு அலுவலகத்துக்கும் நடுவுல ஒரு வளைவு வாசல் இருக்கு, தங்க முலாம் பூசின சிலைங்க பக்கத்துலயே, அதுக்குள்ள நுழைஞ்சா ஒரு சின்ன சந்து, சந்து முடிஞ்சா பாலம், பாலத்தத் தாண்டினா 1821-ல கட்டின மீன் மார்க்கெட். இந்தச் சின்ன நடை எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆடம்பரமான ஸ்கொயர்லேர்ந்து மீன் வாசனைக்கு அவ்ளோ சீக்கிரத்துல கொண்டு போய் விட்டுடும். ஆனா பாலம் 19-ஆம் நூற்றாண்டுல மாத்திக் கட்டினது, பழசுன்னு நம்பிடாதீங்க.

அப்புறம் பெகைன்ஹோஃப். 13-ஆம் நூற்றாண்டுல துறவறம் வாங்காம ஆனா துறவி மாதிரி வாழ்ந்த பெண்களுக்காக உண்டான குடியிருப்பு, யுனெஸ்கோ லிஸ்ட்ல 1998-லயே சேத்துட்டாங்க. மூணு வளைவுக் கல் பாலம், அதத் தாண்டினதும் 1776-ல கட்டின வாசல், மேல மாடத்துல ஹங்கேரி எலிசபெத்தோட சிலை. வாசலுக்கு அந்தப் பக்கம் குதிரை வண்டிச் சத்தம், ஐஸ்க்ரீம், ரகளை, இந்தப் பக்கம் வந்தா உயரமான மரங்க, சுத்தி வெள்ளையடிச்ச வீடுங்க, பேசாதீங்கன்னு போர்டு. இப்ப பெனடிக்டைன் கன்னியாஸ்திரீங்க இருக்காங்க, அதனால போர்ட மதிங்க, நம்மாளுங்க சில பேர் வீடியோ கால் போட்டுக்கிட்டு "இதோ பாரு அத்தை"ன்னு சுத்தறதப் பாத்தேன், சங்கடமா இருந்துச்சு. சாயங்காலம் ஆறரைக்கு கதவச் சாத்திடுவாங்க. வாசலா இன்னிக்கும் வேலை செய்யற வாசல் ஊருக்குள்ள இது ஒன்னுதான்னு எனக்குத் தோணுச்சு, மத்ததெல்லாம் திறந்தே கிடக்கற நினைவுச் சின்னம்.

அங்கேர்ந்து ரெண்டு நிமிஷத்துல மின்னெவாட்டர் ஏரி, அதோட தென்கோடில 1740-ல கட்டின பாலம். ஊரோட கோபுரம் எல்லாத்தையும் தண்ணிக்கு மேல ஒரே ஃப்ரேம்ல புடிக்கணும்னா இங்கதான் நிக்கணும். பக்கத்துல 1398-ல கட்டின காவல் கோபுரம், பின்னாடி அதுல வெடிமருந்து வெச்சிருந்தாங்க. எதிர்க்கரைல இதுக்கு ஜோடி கோபுரம் இருந்துச்சு, 1621-ல இடிச்சுட்டாங்க. அன்னங்கள் நிறைய இருக்கும். 1488-ல ஊர்க்காரங்க அப்ப ஆட்சில இருந்த மேக்ஸிமிலியன சிறை வெச்சு, அவரோட அதிகாரி லாங்கால்ஸ் தலைய வெட்டிட்டாங்க, அதுக்குத் தண்டனையா ஊர் காலத்துக்கும் அன்னம் வளக்கணும்னு விதிச்சுட்டாங்கன்னு சொல்வாங்க. வெட்டினது வரலாறு, அன்னம் கதை.

இப்ப மெயின் மேட்டர். 1297-லேர்ந்து ஊரச் சுத்தி பெரிய அகழியும் மதிலும் போட்டாங்க, சுமார் ஏழு கிலோமீட்டர் சுத்து. மதில் 18-ஆம் நூற்றாண்டு கடைசில போயிடுச்சு, மண்மேடு பூங்காவா மாறிடுச்சு, அகழி கால்வாயா தங்கிடுச்சு. வாசல்கள்ல நாலு மட்டும் நிக்குது: கென்ட்போர்ட், க்ராய்ஸ்போர்ட், ஏசல்போர்ட், ஸ்மேடன்போர்ட். மத்தது ஏன் போச்சுன்னா அதுக்குப் பின்னாடி வரி இருக்கு. வாசல்னா சண்டைக்கு மட்டும் இல்ல, உள்ள வர்ற பியர், வைன், தானியம் எல்லாத்துக்கும் தீர்வை வாங்கற இடமும் அதுதான். 1860-ல பெல்ஜியம் முழுக்க அந்த ஊர்த் தீர்வைய ஒழிச்சுட்டாங்க. வசூல் இல்லன்னதும் வாசல் வெறும் ட்ராஃபிக் தொல்லையா தெரிய ஆரம்பிச்சுடுச்சு, பூவரிபோர்ட்னு ஒன்னு 1863-லயே காலி. மிச்சம் நாலு தப்பிச்சதே பெரிய விஷயம். மொத்தத்துல அந்த ஊர் பழசாவே இருக்கறதுக்குக் காரணமும் பணமில்லாததுதான், கடலுக்குப் போற ஸ்விண்ங்கற நீர்வழி மண்ணடிச்சுப் போய், வியாபாரம் ஆன்ட்வெர்ப்புக்கு நகந்து, இடிச்சுக் கட்டக் காசில்லாம நூத்துக்கணக்குல வருஷம் அப்படியே கிடந்துச்சு.

ஸ்டேஷன்லயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கிட்டு மின்னெவாட்டர்லேர்ந்து கிழக்குப் பக்கமா மேட்டு வழில போங்க. முதல்ல கென்ட்போர்ட். வெளிப்பக்கம் ரெண்டு உருண்டை கோபுரம், சின்னச் சின்ன துவாரம், கிட்ட வராதேங்கற மாதிரி. உள்ள நுழைஞ்சு திரும்பிப் பாருங்க, அதே கட்டடம் தட்டையா, அழகா, ஜன்னல் வெச்சு நிக்கும். ஆபீஸ்ல எல்லாரையும் முறைச்சுக்கிட்டுத் திரியற மேனேஜர் வீட்டுக்கு வந்ததும் பேரன யானை ஏத்தற மாதிரி. வெளிப்பக்கம் மேல மாடத்துல புனித ஏட்ரியன் சிலை, கொள்ளை நோய் உள்ள வராம காக்கறவர்னு நம்பிக்கை. நோயயும் வாசல்லயே நிறுத்தப் பாத்திருக்காங்க. உள்ள சின்ன மியூசியம் இருக்கு, வெளியூர்க்காரன் எப்படி உள்ள வந்தான், சரக்குக்கு எப்படித் தீர்வை போட்டாங்கன்னு. நாலு வாசல்ல ஏறிப் பாக்கற மாதிரி இருக்கறது இது ஒன்னுதான், எல்லா நாளும் திறக்க மாட்டாங்க, டைமிங் பாத்துட்டுப் போங்க. குழந்தைங்களோட போறவங்க இத மிஸ் பண்ண வேணாம்.

இதுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவுல, கூப்யூர் கால்வாய் வந்து சேர்ற இடத்துல ஒரு நவீன பாலம் இருக்கு, யூர்க் கான்செட்ங்கற சுவிஸ் இன்ஜினியர் 2002-ல போட்டது, அந்த வருஷம் ப்ரூஜ் ஐரோப்பிய கலாச்சாரத் தலைநகரா இருந்துச்சு. நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். படகு வந்தா மேல பெரிய குழாய் சுத்தி, கேபிளச் சுருட்டி, தளத்த அப்படியே தூக்கும். பழசு மாதிரி வேஷம் போடல, இரும்புன்னா இரும்பாவே நிக்குது. போனிஃபாசியஸோட சேத்துப் பாத்தா எனக்கு இதுதான் யோக்கியமான பாலம், திட்டறவங்க திட்டிக்கோங்க.

க்ராய்ஸ்போர்ட், நாலுல கம்பீரமானது. இப்ப நிக்கற உருவம் 15-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தோடது. வெளிய உருண்டை கோபுரம், ஊர்ப்பக்கம் எட்டு பட்டை வெச்ச ஒல்லிக் கோபுரம். நடுவுல இன்னிக்கும் வண்டி போகுது, ஒழுங்கா நின்னு பாக்க முடியாது, சைக்கிள்காரங்க மணியடிச்சுக்கிட்டே வருவாங்க. ஆனா வாசலுக்கு முன்னாடி கால்வாய் மேல தூக்குப் பாலம் இருக்கு, சரக்குப் படகு வந்தா சிவப்பு விளக்கு எரிஞ்சு ரோடே செங்குத்தா எந்திரிக்கும், அந்தப் பக்கம் கார் வரிசை, இந்தப் பக்கம் சைக்கிள் வரிசை, யாரும் ஹாரன் அடிக்கல, ஒருத்தர் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு சாண்ட்விச்சப் பிரிச்சுட்டாரு. ஆறு நூற்றாண்டுக்கு முன்னாடி இதே இடத்துல பாலத்தத் தூக்கி ஆள நிறுத்தினாங்க, இப்பவும் பாலத்தத் தூக்கி ஆள நிறுத்தறாங்க. படகு வர்ற நேரம் சொல்ல முடியாது, கிடைச்சா அதிர்ஷ்டம். வடக்க அஞ்சு நிமிஷத்துல மேட்டு மேல காத்தாலைங்க ஆரம்பிக்கும். 1770-ல கட்டின சின்ட் யான்ஸ்ஹௌஸ் ஆலை கட்டின இடத்துலயே நிக்குது, மத்த மூணும் வேற வேற ஊர்லேர்ந்து பேத்துக் கொண்டு வந்து வெச்சது.

அதுக்கப்புறம் வடக்குப் பக்கம் சுத்தறது போரடிக்கும், உண்மையச் சொல்லணும்ல. ரோடு, லாரி, மேடும் இல்ல. நடக்கறவங்க இந்த இடத்துல ஊருக்குள்ள புகுந்து வெட்டிக்கிட்டுப் போங்க.

ஏசல்போர்ட் 1370 வாக்குல கட்டினது, குட்டையா, தண்ணிக்கு நடுவுல உக்காந்த மாதிரி இருக்கும், அன்னங்கள் வந்து மேயும். போட்டோவுக்கு நாலுல இதுதான் டாப், சாயங்கால வெயில் செங்கல்லுல படும்போது போங்க. அங்கேர்ந்து தெக்க வந்தா வழில கனடா பாலம், ரெண்டு பக்கமும் காட்டெருமை சிலை. 1944 செப்டம்பர் 12-ல ஊர ஜெர்மன்காரங்ககிட்டேர்ந்து மீட்டது கனடாவோட மானிடோபா படை, அந்த மாகாணத்தோட அடையாளம்தான் எருமை. இது தெரியாம "ஐரோப்பால எதுக்குடா எருமை"ன்னு முழிக்கறவங்க நிறைய.

கடைசி ஸ்மேடன்போர்ட், 1368. சில வருஷம் முன்னாடி ரெண்டு பக்கமும் நடைபாலம் போட்டுட்டாங்க, அதனால நிம்மதியா நின்னு பாக்கலாம். சுவத்துல மேல ஒரு மண்டையோடு மாட்டியிருக்கும், தேடிப் பாருங்க. 17-ஆம் நூற்றாண்டு கடைசில, பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி படைக்கு இந்த வாசலத் தொறந்து விடறேன்னு ஒத்துக்கிட்ட ஒருத்தனப் புடிச்சு தலைய வெட்டி, போற வர்றவன் பாக்கட்டும்னு இங்கயே வெச்சுட்டாங்க. இப்ப இருக்கறது வெண்கலத்துல செஞ்சது, நிஜ மண்டையோட எடுத்துட்டாங்க. கீழ தினமும் ஸ்கூல் பசங்க சைக்கிள்ல போறாங்க, ஒருத்தனும் மேல பாக்கறதில்ல.

மார்க் போடறதா இருந்தா: க்ராய்ஸ்போர்ட், அகஸ்டைனன் பாலம் ரெண்டுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, கென்ட்போர்ட்டுக்கு நாலரை, போனிஃபாசியஸுக்கு காலைல நாலு, மத்தியானம் ரெண்டு. போட்டுக்கு மூணரை. நாலு வாசலும் சைக்கிள்ல நின்னு நிதானமா பாத்தா அரை நாள் போதும், நடந்தா முழு நாள் ஆயிடும், கால் வலிக்கும், ஊருக்குள்ள எல்லாம் கருங்கல் பாவின தெரு, அதனால ஹீல்ஸ், ட்ராலி பேக், ஸ்ட்ரோலர் மூணும் தொல்லை. மேட்டு வழில கடை கம்மி, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, டாய்லெட்டுக்கு ஸ்டேஷன்லயோ மியூசியத்துலயோ போயிட்டுக் கிளம்பிடுங்க, நடுவுல தேடி அலையாதீங்க.